உழைக்கும் கை குறைகிறது! உணர்வோமா?

கடை வைத்திருக்கும் சகோதரரே! ஒரு காலத்தில் "வேலைக்கு ஆள் தேவை" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டால் மறுநாளே நான்கு பேர் வந்து நின்றார்கள். இன்று பாலக்கோட்டிலோ, அரூரிலோ, பென்னாகரத்திலோ அதே அட்டை மாதக் கணக்கில் வெயிலில் காய்கிறது. ஏன்?

"பையன்கள் எல்லாம் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள்" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. பிறப்பதே குறைந்துவிட்டது என்பது மீதிப் பாதி!

ஒரு தலைமுறை தேயாமல் இருக்க, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறக்க வேண்டும். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் அது 1.8 மட்டுமே. முன்பு பிறந்த பெருங்கூட்டம் இன்னும் உயிரோடு இருப்பதால் தலை எண்ணிக்கை உடனே குறையவில்லை. அந்தக் கூட்டம் முதுமை அடையும்போதுதான் பள்ளம் தெரியும். தமிழகத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011ல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031ல் பதினெட்டுப் பேர் இருப்பார்கள் என்று மத்திய அரசின் புள்ளியியல் துறை கணித்திருக்கிறது.

நம் மாவட்டத்திற்கு இதில் தனிக் கணக்கு உண்டு. சொல்லவே வெட்கப்பட வேண்டிய கணக்கு! பெண் சிசுக் கொலைக்குப் பெயர் போன மண் இது. 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டின் கணக்கெடுப்பில், ஆறு வயதுவரை உள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு இங்கே இருந்த பெண் குழந்தைகள் 826 பேர்தான். இயற்கைப்படி 950ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். மீதிப் பேர் எங்கே? கள்ளிப்பாலுக்கும் கருக்கலைப்புக்கும் பலியானார்கள்! 2011ல் அது 913 ஆக உயர்ந்தது ஆறுதல். ஆனால் 2001ன் குழந்தைகள் இன்று திருமண வயதில் நிற்கிறார்கள். அன்று இல்லாமல் போன மகள்தான் இன்று இல்லாத மனைவி, இல்லாத தாய், இல்லாத உழைப்பாளி.

பெண் மகவை உயிரோடு புதைத்த அறியாமைக் காலத்தை ஒழித்த மார்க்கம் நம்முடையது என்று பெருமை பேசுகிறோம். சரி, இளைஞனே! பெண் பிறந்தால் செலவு என்ற அச்சத்தை ஊட்டிய வரதட்சணையை நீ வாங்கவில்லையா? மஹர் கொடுக்க வேண்டியவன் பைக்கும் நகையும் கேட்டால், அந்தப் பாவத்தில் அவனுக்குப் பங்கில்லையா?

இன்னொரு பொய்யையும் இங்கே உடைக்க வேண்டும். "முஸ்லிம்கள் பெருகி நாட்டைப் பிடித்துவிடுவார்கள்" என்று பிரச்சாரம் செய்கிறார்கள். 1992-93ல் இந்திய முஸ்லிம் பெண்களின் சராசரி 4.4 குழந்தைகள், 2019-21ல் 2.36. இந்துப் பெண்களின் சராசரி 3.3லிருந்து 1.94 ஆனது. இறங்குவது இரு சமூகமும்தான். வேகமாக இறங்குவது நாம்! முதுமை யார் வீட்டு வாசலிலும் மதம் கேட்டு நிற்காது.

"அப்படியானால் பிள்ளை அதிகம் பெறுங்கள்" என்று 2024ல் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு சொன்னார். தென் கொரியா பல ஆண்டுகளாகப் பணத்தைக் கொட்டிப் பார்த்தது. பலன்? 2023ல் சராசரி 0.72! ஒரு குழந்தையைக் கரையேற்றும் செலவைக் குறைக்காமல் அறிவுரை மட்டும் சொன்னால் தொட்டில் ஆடாது.

ஒற்றைப் பிள்ளைக்கு ஒற்றைப் பிள்ளையை மணமுடித்தால் இருவர் தோளில் நான்கு முதியவர்கள். அரசு தாங்குமா? மத்திய அரசு 2007ல் இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்துக்குக் கொடுத்தது மாதம் 200 ரூபாய். 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2025 வரையிலும் அதே 200தான்! தமிழக அரசு 2023ல் 1200 ஆக உயர்த்தியது. அந்தப் பணம் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்கவே சரியாகிவிடும்.

வியாபாரிகளே! உங்களுக்கு மாதச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. ஷட்டர் இறங்கும் நாளில் வருமானமும் இறங்கும். வாடிக்கையாளர் வீட்டிலும் துணிக்கும் பாத்திரத்துக்கும் போன காசு மருந்துக் கடைக்குப் போகும்.

எனவே, இன்றே செய்ய வேண்டியவை சில. வரதட்சணைத் திருமணங்களைப் புறக்கணியுங்கள். பெண்களைப் படிக்க வையுங்கள். கௌரவமான வேலைக்கு வழிவிடுங்கள். கை குறையும் ஊரில் பாதிக் கையைக் கட்டிப் போடுவது அறிவீனம்! இருபது பேருக்குக் குறைவான ஆட்கள் உள்ள கடையும் விரும்பினால் வருங்கால வைப்பு நிதியில் சேரலாம். உங்கள் ஊழியருக்கு அதைச் செய்யுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளியை இழிவாகப் பேசாதீர்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள். ஜமாஅத்தினர் தங்கள் மஹல்லாவில் ஆதரவற்ற முதியோர் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள். பைத்துல்மாலில் அவர்களுக்குப் பங்கு ஒதுக்குங்கள். 200 ரூபாயை உயர்த்தச் சொல்லி வாக்குக் கேட்டு வருபவரிடம் கேள்வி கேளுங்கள்.

இளைஞனே, உன் வாப்பாவுக்கு நீ இருக்கிறாய். உனக்கு யார்? சிந்திப்பாய்!