மரபணு தயார், தொட்டி எங்கே?

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்த காலத்தில், நான் கண்ணும் கருத்துமாகக் காத்தது ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் குப்பிகளை. 10 மில்லி குப்பி. மில்லிக்கு 40 யூனிட். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். கலங்கலான வகையைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் செய்து காட்டுவேன். வேலையில் சேர்ந்த புதிதில் மாடு, பன்றியிலிருந்து எடுத்த இன்சுலின்தான் வரும். பிறகு ‘மனித இன்சுலின்’ வந்தது. “மனுஷங்க ரத்தத்துலருந்து எடுக்கிறதா சார்?” என்று ஒரு அம்மா கேட்டார். “இல்லம்மா, கண்ணுக்குத் தெரியாத கிருமி செஞ்சு குடுக்குது” என்றேன். அவர் நம்பவில்லை.

உண்மை அதுதான். 1978இல் கலிபோர்னியாவில் விஞ்ஞானிகள் இட்டாகுரா, ரிக்ஸ் ஆகியோரும் ஜெனன்டெக் நிறுவனத்தாரும் இன்சுலினுக்கான மரபணுவை வேதிப்பொருள்களிலிருந்தே கோத்தெடுத்து, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். 1982இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. அதுவரை கால் கிலோ இன்சுலின் எடுக்க 2 டன்னுக்கும் மேல் பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. செயற்கை உயிரியல் என்று இன்று உலகம் பேசுகிற துறையின் முதல் பெரிய வெற்றி இது.

ஆனால் இந்திய நிறுவனங்கள் மனித இன்சுலினைச் சொந்தமாகத் தயாரித்து விற்க 2003, 2004 ஆகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் மரபணு மட்டுமல்ல, நுண்ணுயிரை வளர்க்கும் தொட்டியும்தான். பெங்களூரு பயோகான் பயன்படுத்தும் பிக்கியா என்ற ஈஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். அதற்கு மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவார்கள். கூடினால் ஈஸ்ட் செத்துவிடும். குறைந்தால் மருந்து ஊறாது. மெத்தனாலைத் தின்னும்போது அது ஆக்சிஜனை வாரி இழுக்கும், தொட்டி சூடேறும். சிறு குடுவையில் இதெல்லாம் எளிது. ஆயிரக்கணக்கான லிட்டருக்குப் போனால் காற்றும் குளிர்ச்சியும் மூலை முடுக்கெல்லாம் எட்டாது. வேண்டாத ஒரு நுண்ணுயிர் உள்ளே புகுந்தால் மொத்த பேட்சும் சாக்கடைக்குத்தான். இந்த வேலை தெரிந்தவர்களைப் பாடப்புத்தகம் உருவாக்காது. தொட்டியருகே பல வருடம் நின்றால்தான் கைவரும். நம் கல்லூரிகளில் பயோடெக்னாலஜி படித்து வெளியே வரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கிறது?

மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் கதையையும் நம் கொள்கை வகுப்பாளர்கள் படிக்க வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் விஞ்ஞானி ஜே கீஸ்லிங் குழு ஈஸ்ட்டைக் கொண்டு அதன் மூலப்பொருளை உருவாக்கியது. மருந்து நிறுவனமான சனோஃபி 2013இல் இத்தாலியின் கரேசியோவில் பெரிய அளவில் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குள் செடியிலிருந்து எடுக்கும் மருந்தின் விலை சரிந்துவிட்டது. 2016இல் அந்த ஆலை கைமாறியது. அறிவியல் ஜெயித்தும் சந்தை கைவிட்டது. ஏழைகளின் மருந்தை லாபக் கணக்கிடம் மட்டும் விட்டால் இதுதான் நடக்கும்.

எரிபொருளில் நிலைமை இன்னும் கடினம். கீஸ்லிங் கூட்டாக நிறுவிய அமைரிஸ் நிறுவனம், பிரேசில் கரும்புச் சாற்றை ஈஸ்ட்டுக்குக் கொடுத்து டீசல் எடுத்தது. சாவோ பாலோவில் பஸ்களும் ஓடின. கச்சா எண்ணெயோடு விலையில் போட்டியிட முடியாமல் அழகுசாதனப் பொருள்களுக்கு மாறி, 2023இல் திவால் மனு கொடுத்தது. மருந்தை மில்லிகிராமில் விற்கலாம், டீசலை லிட்டரில் அல்லவா விற்க வேண்டும்! சர்க்கரையை விலை கொடுத்து வாங்காமல், ஆலைக் கழிவு வாயுவையே பாக்டீரியாவுக்கு உணவாகக் கொடுத்து எத்தனால் எடுக்கும் வழியில்தான் எனக்கு நம்பிக்கை. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் ஓர் இரும்பாலையில் லான்சாடெக் நிறுவனத்தின் நுட்பத்தில் 2018 முதல் அது நடக்கிறது.

மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் பயோஇ3 கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. உயிரி உற்பத்தியை ஊக்குவிப்பது அதன் நோக்கம், மனதார வரவேற்கிறேன். ஆனால் மத்திய அரசு 2012இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த செங்கல்பட்டு தடுப்பூசி வளாகம் என்ன ஆனது? ஹெபடைட்டிஸ்-பி உள்ளிட்ட தடுப்பூசிகளைத் தயாரிக்கத்தான் 100 ஏக்கரில் அதைக் கட்டினார்கள். கோவிட் இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் தவித்தபோது அங்கிருந்து ஒரு டோஸ்கூட வரவில்லை. 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் பார்த்துவிட்டு, அதை மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தரும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

புதிய கொள்கையின் பணத்தில் முதல் பங்கு இப்படிப்பட்ட பொதுத்துறை உற்பத்திக் கூடங்களுக்குப் போக வேண்டும். அங்கே தொட்டிகள் ஓட வேண்டும், நம் பிள்ளைகள் பயிற்சி பெற வேண்டும், அரசு மருத்துவமனைகளுக்கான இன்சுலினும் தடுப்பூசியும் அங்கிருந்து வர வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பாராமல் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதை எழுப்பி, அமைச்சரிடம் தேதியோடு பதில் வாங்க வேண்டும்.