பெயர் சொல்லி அழைத்தால் வருவார்கள்

பெரம்பலூரில் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும் பெண்ணிடமோ, ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கும் பெண்ணிடமோ கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிக் கேட்டால், ‘எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்குப் போவணும்?’ என்றே பெரும்பாலும் பதில் வரும். அறியாமை என்று எழுதிவிட்டு நகர்வது நமக்குச் சுலபம். ஆனால், பிரசவத்துக்குத் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதே பெண்தான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்களோ 9.8%. நாடு முழுவதற்கும் அது 1.9% என்பதால், இதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்!

பிள்ளைப்பேற்றின்போது கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்தார், தேதி சொன்னார்; 108 வந்தது, உதவித்தொகையும் வந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆனதும் அந்தப் பதிவேடு மூடிக்கொள்கிறது. பலருக்குக் குடும்பக் கட்டுப்பாடு 30 வயதுக்கு முன்பே முடிந்துவிடும். பரிசோதனை தொடங்க வேண்டியதோ 30 வயதில். மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவரேதான்.

கூப்பிட்டால் வருவார்களா? திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை ஓர் ஆய்வுக்காகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வீடுவீடாகக் கணக்கெடுத்து அழைத்த 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெண்திட்டு தெரிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். அழைப்பு போன ஊர்களில், போகாத ஊர்களைவிட, இந்நோயால் நேரும் இறப்பு 35% குறைவு என்று 2007இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது.

கூச்சம் உண்மையான தடை. கதவில்லாத அறையும், ஆண்கள் நடமாடும் வராந்தாவும் அதைக் கூட்டும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர்கள் உள்ளூர்ப் பெண்கள். ரத்த அழுத்தம் பார்க்க ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறார்கள். இந்நோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று அறிய, பெண்ணே மாதிரி எடுத்துக்கொடுக்கும் சோதனையை அவர்கள் கையில் கொடுத்தால் பாதிக் கூச்சம் தீரும்.

அடுத்த தடை, சோதனையில் அறிகுறி தெரிந்து மேல்சிகிச்சைக்கு இரண்டாம் முறை போக வேண்டியபோது வருகிறது. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூர்க் கிராமத்துப் பெண்ணுக்கு அதுவும் வெளியூர்தான். போனால் அவர் கூலியும் துணைக்கு வருபவர் கூலியும் போகும். பரிசோதனை முகாமின் தேதியைக் குறிப்பவர் கதிர் ஒடிப்பு எப்போது என்று ஊரில் கேட்டுவிட்டுக் குறிக்கட்டும்; இரண்டாம் பயணத்துக்கான பேருந்துக் காசும் அன்றைய கூலியும் பிரசவ உதவித்தொகை போலவே வங்கிக் கணக்கில் விழட்டும்.