எங்கள் ஓவியப் பாடவேளை எங்கே?

“ஓவியம் சோறு போடுமா?” இது வீட்டில் கேட்கும் கேள்வி. “என்ன கிறுக்கல் இது, ஒன்றும் புரியவில்லையே!” இது கண்காட்சிக்குப் போனால் காதில் விழும் சொல். இந்த இரண்டையும் கேட்டுக் கேட்டுத்தானோ என்னவோ, பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் எங்கள் ஓவியப் பாடவேளை கணக்குப் பாடவேளையாக மாறிவிட்டது. கணக்கு ஆசிரியைமீது எங்களுக்குச் சிறிதும் வருத்தமில்லை. அரசுத் தேர்வின் அருமையும் அறிவோம். ஆயினும் இந்த மாற்றம் சரிதானா என்று பணிவோடு கேட்க விரும்புகிறோம்.

கேட்கத் தூண்டியது ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமம். மாமல்லபுரச் சுற்றுலாவுக்குப் போகும் வழியில் எங்களை அங்கே இறக்கினார்கள். கடலையும் கோயிலையும் நினைத்துக்கொண்டிருந்த எங்களில் பலர் முணுமுணுத்துக்கொண்டுதான் இறங்கினோம். ஒரே கூரையின்கீழ் பல ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2009-இல் திறக்கப்பட்ட கலைக்கூடம் அது. இன்றைய ஓவியர்கள் கூடிக் கண்காட்சி நடத்தவும் அங்கே தனி அறைகள் உண்டு. கட்டியவர்களும் காப்பவர்களும் ஓவியர்களே.

முதலில் சோற்றுக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இந்தக் கிராமம் 1966-இல் தோன்றியது. சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக அப்போது இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். மெரினாவில் நாம் எல்லாரும் பார்த்திருக்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். தம் மாணவர்கள் படிப்பை முடித்ததும் பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, வரைவதையே விட்டுவிடுவது அவரை வருத்தியது. ஆகவே ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். துணியில் உருகிய மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. பின்பு மெழுகை நீக்கினால் சித்திரம் எஞ்சும். இதுவே பாத்திக் வேலை. இத்தகைய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடற்கரையோரம் மணலும் சவுக்குமாய்க் கிடந்த நிலத்தை வாங்கினார்கள். ஒருவரிடமும் கையேந்தாமல் கைத்தொழிலால் வயிற்றைக் கழுவி, மிச்ச நேரத்தில் தாம் விரும்பியதை வரைந்தார்கள்.

எல்லாரும் வசதியாக வாழ்ந்தார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் சோறு போடுமா என்ற கேள்விக்கு, “போட வைப்போம்” என்று கூட்டமாகப் பதில் சொன்னவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தில் அனிலா ஜேக்கப் என்ற சிற்பியும் அர்னவாஸ் என்ற ஓவியரும் இருந்தார்கள் என்பதை, “பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கும் பெரியம்மாக்கள், அத்தைமார்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

இனி, புரியவில்லை என்ற குறை. உள்ளதைச் சொன்னால் எங்களுக்கும் பல படங்கள் பிடிக்கவில்லை. இரண்டு மூன்றின் முன் நின்று சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டோம். ஆனால் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் செய்த சிற்பங்களுக்குமுன் யாரும் சிரிக்கவில்லை. அவற்றில் குத்துவிளக்கும் கோயில் வாகனமும் எங்கோ ஒளிந்திருப்பதாகத் தோன்றியது. 1973-இல் இளவயதிலேயே மறைந்த கே. ராமானுஜத்தின் பேனாச் சித்திரங்களில் கனவு மாளிகைகள், பாம்புகள், பறவைகள், நடுவே தொப்பி போட்ட ஒரு மனிதர்! அந்தத் தொப்பிக்காரர் ஓவியரேதானாம். அங்கிருந்து எங்களை நகர்த்த ஆசிரியை இருமுறை கைதட்ட வேண்டியிருந்தது.

எங்களை மிகவும் சிந்திக்க வைத்தவை பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசை ஓவியங்கள். 1963 முதல் இவற்றை வரையத் தொடங்கினார். வரிவரியாக எழுத்துகள். வாசிக்கப் போனால் எந்த மொழியும் இல்லை. இடையிடையே எண்கள், ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், மீன், பறவை. இந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து பிறந்தது தெரியுமா? ஒரு மாணவரின் கணக்கு நோட்டிலிருந்து! நாம் மதிப்பெண்ணுக்காக நிரப்பித் தள்ளும் அதே நோட்டுப் பக்கத்தில் அவர் ஓர் அழகைக் கண்டிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் வடிவியல் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. (ஆசிரியை மன்னிப்பாராக!)

ஒரு கணக்குப் புரியவில்லை என்றால் நாம் நோட்டை மூடிவிடுகிறோமா? அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். படத்துக்கு மட்டும் அரை நிமிடம் தருகிறோம். அதற்குள் அது தன் கதையைச் சொல்லிவிட வேண்டும். வாசலில் அம்மா போடும் சிக்கல் கோலத்தைப் பார்த்து, “இது என்ன உருவம், இதற்கு என்ன அர்த்தம்?” என்று யாரும் கேட்பதில்லை. தினமும் பார்த்துப் பழகிய கண் அதை ஏற்றுக்கொள்கிறது. ஓவியத்துக்கும் கண் பழக வேண்டும். பழக நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் பத்தாம் வகுப்பில் எடுத்துவிடுகிறார்கள்.

வாரம் ஒரு பாடவேளை போனால் என்ன குறைந்துவிடும் என்று பெரியவர்கள் கேட்கலாம். எங்களில் நால்வர் சென்ற ஆண்டு வரை நன்றாக வரைந்துகொண்டிருந்தார்கள். 1850-இல் தொடங்கப்பட்ட அந்தச் சென்னைக் கல்லூரி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்ற பெயரில், மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. கும்பகோணத்திலும் அத்தகைய கல்லூரி உண்டு. அந்த நால்வரில் ஒருத்தி போக ஆசைப்பட்டால், பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்றாண்டுகள் தூரிகையைத் தொடாத கையோடு எப்படிப் போவாள்?

அன்புள்ள மதர் அவர்களுக்கும் பெற்றோருக்கும் எங்கள் விண்ணப்பம் சிறியதே. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையையாவது விட்டுக்கொடுங்கள். அவர்கள் வரைந்தவற்றைப் பெற்றோர் தினத்தன்று வரவேற்பறைத் தாழ்வாரத்தில் மாட்டுங்கள். பரிசு வேண்டாம், முதலிடம் இரண்டாமிடம் வேண்டாம், எல்லாருடையதும் சேர்ந்து தொங்கட்டும். எங்கள் வர்ணப் பெட்டிகளை வகுப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் போகிறோம். சிவப்பு மட்டும் தீர்ந்துவிட்டது, மற்றவை அப்படியே இருக்கின்றன.