பாட்டை அனுப்ப வேண்டாம், பெயரை அனுப்புங்கள்

சென்ற ஆண்டு நம் சங்கத்து நவராத்திரிக் கச்சேரி முடிந்த மறுநாள் காலை, வாட்ஸப் குழுவைத் திறந்தால் முழுக் கச்சேரியும் அதில் இருந்தது. முன்வரிசை அன்பர் ஒருவர் கைபேசியில் பதிவு செய்து, "அனைவரும் கேட்டு மகிழ்க" என்று அனுப்பியிருந்தார். பாடிய பெண்மணி தில்லியிலேயே வளர்ந்தவர். நாம் தந்த சன்மானத்தில் பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுத்ததுபோக அவருக்கு மிஞ்சியது எவ்வளவு என்பது செயற்குழுவுக்குத் தெரியும். அந்த வாரமே தொலைபேசியில் கூப்பிட்டார். "மாமா, அன்னிக்கு எனக்குத் தொண்டையே சரியில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. எண்பதுகளில் சென்னையிலிருந்து யார் கேசட் வாங்கி வந்தாலும் பிரதி எடுத்து, ஆர்.கே. புரத்தில் நாலு வீட்டுக்குக் கொடுத்தவன்தான். இங்கே கடையில் கிடைக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். இன்று அந்தச் சாக்கும் இல்லை.

"தியாகராஜர் கீர்த்தனைக்கு ஏது பதிப்புரிமை?" என்று கேட்கிறார்கள். 1847-இல் மறைந்தவரின் பாட்டு எல்லோருக்கும் பொதுதான். ஆனால் பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அதற்கு உரிமை உண்டு. மேடையில் பாடுபவருக்கும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமை தந்தது. தான் கேட்பதற்காகப் பதிவு செய்வதை அது தடுக்கவில்லை. கேளாமல் ஊருக்கெல்லாம் வழங்குவது வேறு விஷயம்.

சரி, ரசித்ததைப் பகிர வேண்டாமா? தாராளமாகப் பகிரலாம். குழுவில் வந்து குவியும் பதிவுகளில் பாடகர் பெயரும் இருப்பதில்லை, ராகமும் இருப்பதில்லை. நம் பிள்ளைகள் கேட்காமலே அழித்துவிடுகிறார்கள். போன மாதம் என் பேரனுக்கு மூன்றே வரி எழுதினேன்: "எம்.டி. ராமநாதன் பாடிய சஹானா. மிக மெதுவாக இருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்துக் கேள்." உரிமை உள்ளவர்களே இணையத்தில் வைத்திருப்பதைத் தேடிக் கேட்டிருக்கிறான். "தாத்தா, இவர் ஏன் அவசரமே படமாட்டேங்கறார்?" என்று இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டான். அரைமணி நேரம் பேசினோம்.

குழுவில் இனி பாடகர், ராகம், எங்கே கேட்கலாம் என்ற விவரம் மட்டும் வரட்டும். கச்சேரிப் பதிவு வேண்டுமென்றால் சங்கம் முன்பே கலைஞரின் சம்மதம் பெற்று, அதற்குத் தனியே தொகை கொடுக்கட்டும். சென்ற ஆண்டுப் பதிவை முதலில் நீக்குவோம். வரும் நவராத்திரிக்கு அந்தப் பெண்மணியை மறுபடி அழைப்பதாக இருந்தால், தொலைபேசியில் பேசுவதை என்னிடம் விடுங்கள்.