பாங்காக்கில் ஒரு ராத்திரி, கோச்சடையில் எத்தனையோ ராத்திரி

ஜெர்மனியில் கெல்சன்கிர்ஷன் என்று ஒரு நிலக்கரி ஊர். சுரங்கத்தில் வேலை பார்த்த டாம் ஏஞ்சல்ரிப்பர் 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஆரம்பித்த த்ராஷ் மெட்டல் குழுதான் சோடம். அப்போது மொத்தம் மூணே பேர். 2003-ல் இரட்டை சிடியாக ஒரு லைவ் ஆல்பம் விட்டார்கள். பேர் 'ஒன் நைட் இன் பாங்காக்'. பதிவு செய்ததும் பாங்காக்கிலேதான்!

ஏன், சொந்த நாட்டில் கூட்டம் வராதா? வரும். ஆனால் 2001-ல் வியட்நாம் போரைப் பற்றியே 'எம்-16' என்று முழு ஆல்பம் போட்டவர்கள் இவர்கள். அந்தப் போரில் அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. அந்த மண்ணில் நின்று பாடும்போது பாட்டின் கனமே வேறு.

லைவ் ஆல்பம் என்றாலே "பழைய சரக்கைப் புது பாட்டிலில் விற்கிறார்கள்" என்பார்கள். பாதி உண்மைதான். ஆனால் ஸ்டூடியோ தராத ஒன்றை அது தருகிறது: யார், எந்த ஊரில், எந்தக் கூட்டத்துக்கு முன்னால் வாசித்தார்கள் என்கிற சாட்சி. மதுரையில் பிறந்த எம்.எஸ். 1977-ல் கார்னகி ஹாலில் பாடியது இசைத்தட்டாக வந்ததால்தான், அன்றைக்குப் பிறக்காதவர்களும் இன்று அதைக் கேட்கிறார்கள்.

இப்போ கோச்சடைக்கு வாங்க. அய்யனார் கோயில் திருவிழா, நையாண்டி மேளம். வேகத்திலும் சத்தத்திலும் எந்த த்ராஷ் டிரம்மருக்கும் நம்ம தவில்காரர் சளைத்தவர் இல்லை. சுற்றி நின்று செல்போனில் பிடிக்கிறார்கள். மறுநாள் யூடியூபில் "மதுரை மேளம் செம மாஸ்" என்று ஏறிவிடும். வாசித்தவர் பேர்? தேடினாலும் கிடைக்காது.

இது மரியாதைப் பிரச்சினை மட்டுமில்லை, காசுப் பிரச்சினையும்தான். பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் நிகழ்த்துகிற கலைஞருக்கென்று தனி உரிமை கொடுத்தது. இப்போது அது 50 வருஷம் செல்லும். 2012 திருத்தப்படி, பதிவை வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் ராயல்டியும் கேட்கலாம். பேரே இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பார்?

திருவிழா நோட்டீஸில் நன்கொடை கொடுத்த அத்தனை பேரையும் அச்சடிக்கிறோம். மேளக்காரர்களுக்கு நாலு வரி ஒதுக்கினால் என்ன? வீடியோ ஏற்றுகிறவர்களும் வாசித்தவர்களைக் கேட்டு பேர், ஊர், தேதி மூணையும் போட்டாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, நல்ல மைக் வைத்து ஒழுங்காகப் பதிவு செய்வது. பாங்காக்கில் மூணு பேருக்காக அதைச் செய்ய முடிந்திருக்கிறது. வைகைக் கரையில் முடியாதா?