நோயை உரைக்கும் மொழி

பிறபாஷை ஒன்றைக் கற்பதனால் விளையும் பயன் யாதென்று வினவுவார்க்கு இலக்கிய இன்பம், அறிவு விருத்தி, உத்தியோகம் என்னும் மூன்றையே நம்மவர் பெரும்பாலும் விடையாகக் கூறுவர். இம்மூன்றும் பயனே, மறுப்பார் இலர். ஆயினும் இவற்றினும் முற்பட்டதொரு பயன் உண்டு. பிணியுற்ற ஒருவர் தம் பிணி இன்னதென்று வைத்தியருக்கு ஐயமற உரைக்க வல்லராதலே அது. காரைக்கால் வாசிகளைப் பொறுத்தவரையில் பிரெஞ்சுக் கல்வியில் இப்பயனே முதலிடம் பெறத்தக்கது என்பது நமது துணிபு.

இதற்குரிய காரணம் இவ்வூர்ச் சரித்திரத்திலேயே உளது. 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயர் கைப்பட்ட காலங்கள் நீங்கலாக, 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் அவர் ஆட்சியிலேயே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்து கப்பலேறிய ஏழைமக்கள் பலர் ரெயூனியோன், குவாதலூப்பு, மார்த்தினீக்கு முதலிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களை அடைந்தனர். உத்தியோகத்தை நாடினோர் சைகோனுக்குச் சென்றனர். 1956-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் கையெழுத்தாகிய ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-இல் அமலுக்கு வந்தபொழுது, பிரெஞ்சுக் குடியுரிமையை வேண்டுவோர் 6 மாதங்களுக்குள் எழுத்து மூலம் அதனைத் தெரிவிக்க இடம் அளிக்கப்பட்டது. இவற்றின் பயனாக, ஒரு குடும்பத்தின் மூத்தோர் அரசலாற்றங்கரையிலும் இளையோர் பாரீசு நகரின் சுற்றுப்புறத்திலும் வாழ்தல் இங்கு புதுமையன்று. தள்ளாத பருவத்தில் மக்களிடம் செல்லும் தாய் தந்தையர்க்குப் பிரெஞ்சு பேச வேண்டிய முதல் இடம் பெரும்பாலும் வைத்தியசாலையாகவே அமைகின்றது.

அங்ஙனமாயின் நோய்ப் பெயர்களை நிரல்பட எழுதி மனப்பாடம் செய்தால் போதாதோ எனின், போதாது என்போம். இரு மொழிகளும் உடம்பை ஒரே வகையாகப் பகுத்துக் காண்பதில்லை. தமிழில் தோள் தொடங்கி விரல் நுனி வரையில் ‘கை’ என்னும் ஒரு சொல்லே வழங்கும். பிரெஞ்சுக்காரர் மேற்பகுதியைப் ‘பிரா’ என்றும் மணிக்கட்டிற்குக் கீழுள்ளதை ‘மேன்’ என்றும் பிரிப்பர். நமது ‘கால்’ அவர்க்கு ‘ழாம்ப்’ என்றும் ‘பியே’ என்றும் இரண்டாகும். இடக்கை முழுவதும் நோகின்றது என்று உரைக்க வேண்டியவர் ‘மேன்’ என்று கூறிவிடின், மாரடைப்பின் அறிகுறியாகக் கருதப்பட வேண்டியது விரல் சுளுக்காகக் கருதப்படவும் கூடும்.

‘மயக்கம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. தலை சுற்றினாலும் மயக்கம் என்கிறோம். நினைவிழந்து வீழ்ந்தாலும் மயக்கம் என்கிறோம். பிரெஞ்சில் முன்னது ‘வெர்த்தீழ்’. பின்னது ‘பெர்த்து தெ கொனெசான்சு’. இவ்விரண்டிற்கும் வைத்தியர் செய்யும் பரிசோதனைகள் வெவ்வேறு.

இவற்றினும் அபாயம் மிக்கவை, பொருள் தெரிந்தன போலத் தோன்றி ஏமாற்றும் தொடர்கள். ‘மால்’ என்றால் நோவு. ‘கேர்’ என்றால் இருதயம். ஆகவே ‘மால் ஓ கேர்’ என்பதற்கு நெஞ்சு நோவு என்று அகராதி வழியே பொருள் கொள்ளுதல் இயல்பே. ஆனால் அந்நாட்டு வழக்கில் அதற்குக் குமட்டல் என்பதே பொருள். மார்பில் வலியுடையார் ‘புவாத்ரீன்’ என்னும் மார்புப் பெயரைச் சொல்லுதல் வேண்டும். ‘டென்ஷன்’ என்பது நம்மிடையே மனக்கவலையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. வைத்தியர் வாயில் ‘தான்சியோன்’ என்று வருமாயின் அஃது இரத்த அழுத்தம். ‘மெத்சேன்’ என்பவர் வைத்தியர். அவர் தரும் மருந்து ‘மெதிக்காமான்’. ‘எனக்குச் சர்க்கரை உண்டு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துரைத்தால், வீட்டில் சர்க்கரை வைத்திருப்பதாகவே கேட்போர் நினைப்பர். அந்நோய்க்குத் ‘தியாபேத்’ என்று பெயர்.

எண்களிலும் இடர் உண்டு. இங்கே 160-க்கு 90 என்று எழுதப்படும் இரத்த அழுத்தத்தை அங்கே 16-க்கு 9 என்பர். இங்கே 180 மில்லிகிராம் என்னும் சர்க்கரை அளவு அங்கே லிட்டருக்கு 1.80 கிராம் என்று வரும். நமது வீடுகளில் 102 பாகை என்று அஞ்சப்படும் காய்ச்சல், அவர்தம் வெப்பமானியில் 39 பாகைக்குச் சற்றுக் குறைவாகக் காணப்படும். தம் அழுத்தம் 16 எனக் கேட்ட முதியவர், அது 160 என்று உணராமல், மிகத் தாழ்ந்துவிட்டதெனக் கருதி மாத்திரையை நிறுத்துவாராயின் விளைவு என்னாகும்? தொண்ணூறு என்பதனை ‘நாலு இருபது பத்து’ என்று அவர்கள் வழங்குவது கண்டு நம் மாணவர் நகைப்பதுண்டு. பத்தின் மடங்காக நிற்க வேண்டிய எண் நூற்றின் பெயரைத் தாங்கி நிற்கும் நம் ‘தொண்ணூறு’ என்னும் சொல்லை நோக்கின் அந்நகை அடங்கும்.

மருந்தின் பெயரும் இவ்வாறே மயக்கும். பிரான்சிலிருந்து வருவோர் கொணரும் ‘டோலிப்ரான்’ என்பது நம் கடைகளில் விற்கும் பாராசிட்டமாலே. இரண்டும் வேறென்று எண்ணி இரண்டையும் உட்கொள்வோர், அளவுக்கு மிஞ்சிய மருந்தால் தம் கல்லீரலைக் கெடுத்துக்கொள்வர்.

நிற்க. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உடன் சென்று பெயர்த்துரைப்பாரே என்பர் சிலர். பத்து வயதுப் பேரனிடத்துப் பாட்டியார் எதனைச் சொல்லுவார், எதனை மறைப்பார் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம். நாணத்தால் மறைக்கப்பட்ட நோய் நாளடைவில் தீராநோயாய் முடிவதை யாவரும் அறிவர். மேலும், அங்கே பிறந்த அப்பேரனுக்குக் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு என்று நாம் வகுத்து வழங்கும் நோவின் பேதங்கள் தெரியா. வேறு சிலர், கையிலடங்கும் கைபேசியே இக்காலத்தில் மொழிபெயர்த்துவிடுமே என்பர். அக்கருவியின் உதவியை நாம் இகழவில்லை. ஆயினும் அது சொன்னதைப் பெயர்க்குமேயன்றி, ‘மயக்கம் என்றீர்களே, தலைச்சுற்றலா, நினைவிழப்பா?’ என்று திருப்பி வினவும் என்பதற்கு உறுதியில்லை. சொல்வார் தெளிவாகச் சொன்னாலன்றோ கருவியும் தெளிவாகப் பெயர்க்கும்?

இவ்விஷயத்தில் நமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. புதுச்சேரி மிஷன் குருமாராகிய மூசே, துய்ப்புய்ய் இருவரும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855-லும் 1862-லும் இரு பாகங்களாக வெளிவந்தது. 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தடைந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, அங்கவியல், இரணவைத்தியம், இரசாயனம் ஆகியவற்றிற்குத் தமிழ் நூல்கள் வகுத்தார். வைத்திய அறிவு நோயாளியின் மொழியில் நிகழ்தல் வேண்டும் என்பதை அவர் செய்கையால் காட்டினார். புதுச்சேரியிலோ, பிரெஞ்சார் 1823-இல் தோற்றுவித்த வைத்தியப் பள்ளி 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகிப் பின்னர் 1964-இல் ஜிப்மர் ஆயிற்று. 2016-இல் அதன் கிளை காரைக்காலிலும் தொடங்கிற்று. இங்குள்ள வைத்தியம் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்தில் எழுதப்படலாயிற்று. இரு கரைக்கும் இடையே அலையும் நோயாளிக்கோ மூன்று மொழிகள் வேண்டியனவாயின.

ஆதலின் நம் கலாசாலையில் பிரெஞ்சு பயிலும் மாணவர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. அகராதி முறையில் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து தொடங்காது, நம் வீட்டுப் பெரியோர் நோயுற்றபொழுது வாய்விட்டுக் கூறும் தமிழ் வாக்கியங்களிலிருந்து தொடங்கி ஒரு சிறு கைந்நூலை இயற்றுங்கள். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்று தமிழர் வலிக்கும் தொழிலைத் தலைக்கே ஏற்றுவர். பிரெஞ்சுக்காரர் பெருவழக்காக ‘நான் தலையில் நோவு உடையேன்’ என்னும் போக்கில் ‘ழே மால் ஆ லா தேத்’ என்பர். இவ்வொரு வாய்பாட்டைப் பயின்றவர், தேத் என்னும் தலை நின்ற இடத்தில் வேறு உறுப்புப் பெயர்களை உரிய சிறு மாற்றத்தோடு வைத்துப் பல நோவுகளை உரைக்கலாம். ‘எங்கே வலிக்கிறது?’, ‘எப்பொழுதிலிருந்து?’ என்னும் வைத்தியர் வினாக்களும், வெறும் வயிற்றோடு, உணவுக்கு முன், நாள் ஒன்றுக்கு மூன்று வேளை என்னும் மருந்துச் சீட்டின் மொழிகளும் அதில் இடம்பெறுக. நம்மூரில் 108-ஐ அழைப்பது போல அங்கே அவசர வைத்தியத்திற்கு 15 அல்லது 112 என்பதும் முதற்பக்கத்திலேயே அச்சாகுக. வைத்தியத் தொழிலில் உள்ள பழைய மாணவர்கள் அதனைச் சரிபார்த்தும், பிரான்சு வாழ் பழைய மாணவர்கள் அந்நாட்டு வழக்கை எழுதியனுப்பியும் துணைபுரிதல் கடன். நூல் முற்றுப்பெறும் வரையில், பயணம் செல்லும் ஒவ்வொரு முதியவர்க்கும் அவர்தம் நோய்களையும், உட்கொள்ளும் மருந்துகளின் பொதுப்பெயர்களையும், ஒவ்வாத மருந்துகளையும் ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தல் எவர்க்கும் எளிது.

கற்ற மொழி தேர்வுத் தாளோடு முடிதல் கல்விக்கு அழகன்று. கடல்கடந்த ஊரில், முன்பின் அறியாத வைத்தியர் எதிரே அமர்ந்திருக்கும் ஒரு முதியவர், தம் நோவு எங்கே, எத்தகையது, எந்நாள் முதல் என்னும் மூன்றையும் தம் வாயாலேயே அச்சமின்றி உரைக்குமாறு செய்வோமாயின், நாம் பெற்ற பிரெஞ்சுக் கல்வி உண்மையிலேயே பயன்பட்டதாகும். அத்தொண்டினை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.