பராமரிப்பாளர் பின்னணிச் சரிபார்ப்பு: எல்லைப் பகுதித் தமிழர் அமைப்பின் நிலைப்பாடு

2024 டிசம்பரில் திருவனந்தபுரத்தில், கேரள மாநிலக் குழந்தைகள் நலச் சங்கத்தின் காப்பக ஆயாக்கள் மூவர் கைதானார்கள். படுக்கையை நனைத்த இரண்டரை வயதுக் குழந்தையை ஒருவர் காயப்படுத்தினார், மற்ற இருவர் தெரிந்தும் மறைத்தார்கள் என்பது வழக்கு. தலைநகரிலேயே இப்படி என்றால், தேவிகுளம், பீருமேடு தோட்டக் காப்பகங்களிலும் சித்தூர் பக்கத்து முதியோர் இல்லங்களிலும் வேலைக்கு வருபவர் யாரென்று விசாரிப்பது அதிகப்படியான சந்தேகம் ஆகாது. பிள்ளைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்குப் பராமரிக்கும் எவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயமாக வேண்டும் என்பதே அமைப்பின் நிலைப்பாடு.

பிள்ளைகள் விஷயத்தில் இது புதுக் கோரிக்கையே அல்ல. 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த போக்சோ விதிகள், குழந்தைகளோடு பழகும் நிறுவனங்களின் ஒப்பந்த ஊழியர் உட்பட அனைவரையும் அவ்வப்போது சரிபார்க்கச் சொல்கின்றன. வீட்டோடு தங்கி முதியவரைக் கவனிக்கும் ஹோம் நர்ஸுக்கு அந்த விதி பொருந்தாது. ஏஜென்சி ஆதார் நகலோடு நிறுத்திக்கொண்டாலும் கேட்பாரில்லை.

எல்லையில் இன்னொரு சிக்கல் உண்டு. கம்பத்திலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ வருபவர் மீதான வழக்கு தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் கிடக்கலாம். இங்கிலாந்தின் சோஹமில் 2002இல் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற பள்ளிக் காவலாளி மீது ஏற்கெனவே புகார்கள் இருந்தன. அவை வேறு வட்டாரப் போலீசாரிடம் இருந்ததால் பள்ளிக்கு எட்டவே இல்லை. ஆகவே சரிபார்ப்பு இரு மாநிலப் பதிவுகளிலும் நடக்க வேண்டும்.

எந்த வழக்காக இருந்தாலும் தடை என்று ஆகிவிடக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். 2015இல் மூணாறில் பெண் தொழிலாளர்கள் போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். அப்படி அமர்ந்ததற்காக ஒருத்தி மீது வழக்கு இருந்தால், அவள் ஆயா வேலைக்குத் தகுதியற்றவளா? பாலியல் குற்றம், வன்முறை, பராமரிப்பில் இருந்தவரை ஏமாற்றியது ஆகியவற்றை மட்டும் பார்த்தால் போதும். செலவு முதலாளியுடையது. விண்ணப்பம் தமிழில் கிடைக்க வேண்டும். சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களில் தமிழைப் பயன்படுத்தக் கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது.

வாளையார், வண்டிப்பெரியார் பெயர்களைச் சொல்லி இந்தக் கோரிக்கையை வலுப்படுத்துவது எளிது. அமைப்பு அதைச் செய்யப்போவதில்லை. 2017இல் வாளையாரிலும் 2021இல் வண்டிப்பெரியாரிலும் சிறுமிகள் இறந்த வழக்குகளில் சந்தேகிக்கப்பட்டவர்கள் காப்பக ஊழியர்கள் அல்ல, தெரிந்தவர்களும் அண்டை வீட்டாரும்தான். வண்டிப்பெரியார் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை 2023இல் கட்டப்பனை நீதிமன்றம் விடுவித்தது. எந்தச் சான்றிதழும் அந்தச் சாவுகளைத் தடுத்திருக்காது. தோட்டங்களில் உள்ள குறை வேறு: 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்ன காப்பகம் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே. வண்டிப்பெரியார் சிறுமிக்கு ஆறு வயது. பெற்றோர் வேலைக்குப் போன பிறகு லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) அந்த வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூலி வாங்கும் ஆளே இல்லை.

எனவே, வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தோட்ட நிர்வாகங்கள் ஆயாக்களின் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். பஞ்சாயத்துகள் ஆறு வயது நிறைந்த பிள்ளைகளுக்கு மாலை நேரக் காப்பகம் தொடங்க வேண்டும்.